கம்பித் துண்டு, இனம் தெரியவில்லை

கடைத்தெருவில் அவரை முத்திரை என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே முத்திரை சார். முதுகு திரும்பினால் வெறும் முத்திரை. எடை, அளவு சரிபார்க்கும் அலுவலகத்தில் இருபத்தேழு வருட வேலை. தராசு, எடைக்கல், எண்ணெய் அளக்கும் குவளை, எல்லாம் அவர் கைக்கு வந்து, சரியாக இருந்தால் ஈய முத்திரை வாங்கிக்கொண்டு போகும். சரியாக இல்லையென்றால் கடைக்காரர் முகத்தில் ஈயாடாது. ஒருமுறை ஓர் எண்ணெய்க் கடையில், அளவைக் குவளையின் அடியில் மயிரிழை அளவுக்கு ஓர் ஓட்டை இருந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே கையும் களவுமாகப் பிடித்தார். அன்று கிடைத்த பாராட்டில் மனிதருக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. அதிலிருந்து எங்கே ஓட்டையைப் பார்த்தாலும் அடைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டில் சல்லடை ஒன்றைத்தான் பாவம் பார்த்து விட்டுவைத்திருக்கிறார் என்பாள் அவர் மனைவி.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு திங்கட்கிழமை வாகனப் பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் பழைய வண்டிகளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பாம். ஏழு வாரத்துக்குள் சோதனைத் தடத்துக்குக் கொண்டுவந்து, ஆய்வாளர் கண் முன்னால், உரிமையாளரே ஓட்டி, நிற்காமல் மூன்று சுற்று வர வேண்டும். வராவிட்டால் பதிவு எண்ணை அடித்துவிடுவார்கள். அடித்தால் அடித்ததுதான், அதற்குப் பிறகு அந்த வண்டி எந்தக் காலத்திலும் சாலையில் இறங்க முடியாது.

கடிதத்தை அவர் இரண்டு தடவை படித்தார். ஏனென்றால் அந்த வண்டி அம்மாவினுடையது.

அம்மா வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்த நர்ஸ். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. வண்டியோ முந்நூற்றைம்பது சிசி, ஒற்றை சிலிண்டர், யானைக்குட்டி மாதிரி ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள். அதன் மேல் அம்மா உட்கார்ந்து போனால் வண்டி தானாகப் போகிறது என்று தெருவில் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்கள் வீட்டில் இடுப்பு வலி கண்டால், அந்த வண்டிச் சத்தம் எப்போது கேட்கும் என்று அவர்களே வாசலில் தவம் கிடப்பார்கள்.

இதெல்லாம் அவர் கேள்விப்பட்டதுதான். பத்து வயதில் அவரை விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்கு வேறு வழியில்லை. விடுமுறைக்கு வந்தால் அம்மா வேலைக்குப் போயிருப்பாள், அல்லது வேலை முடிந்து அசந்து தூங்குவாள். ஆறு வயது சின்னவளான தங்கைதான் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து ஊரெல்லாம் சுற்றியவள். வாயைத் திறந்தால் போதும், அம்மாவும் வண்டியும் சேர்ந்த கதை ஒன்று வந்து விழும். ஆற்றுப் பாலத்தில் போனது, மழையில் நனைந்தது, நாய் துரத்தியது. அவர் அந்த வண்டியில் ஒரு தடவை கூட ஏறியதில்லை. அவரிடம் ஒரு கதையும் கிடையாது. ஐம்பத்திரண்டு வயதிலும் அது அவருக்கு வலித்தது.

ஆனாலும் அம்மா சாகும்போது, வண்டி பெரியவனுக்கு என்று எழுதிவைத்திருந்தாள். ஏன் என்று இருவருக்கும் புரியவில்லை. ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் தொடாத பெரியவர், வண்டியைத் தார்ப்பாயில் சுற்றி, வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் நிறுத்தி, பூட்டுப் போட்டு, பூட்டின் மேல் அலுவலக வழக்கப்படி ஈய முத்திரையும் குத்திவிட்டார். கெட்டுப்போகக் கூடாதாம். இருபத்தோரு வருடம் அப்படியே கிடந்தது. ஒருநாள் எடுத்து ஓட்டுகிறேன் என்று தங்கை கேட்கும்போதெல்லாம், "எடுத்தா கெட்டுடும்" என்பதே பதில்.

இப்போது அவரே தங்கைக்குப் போன் செய்தார்.

"அண்ணா, நிஜமாவா? கொட்டகையைத் திறக்கப் போறியா? இரு, நான் வந்துடறேன். யாரையும் தொட விடாதே."

"இங்க யாரு தொடப் போறாங்க? நான்தான் தொடணும்."

"உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அவளும் நர்ஸ்தான், ஆஸ்பத்திரி வார்டில். வேலை முறை முடிந்ததும் உடுப்பைக் கூட மாற்றாமல் அரை மணி நேரத்தில் வந்து நின்றாள். தன் முத்திரையைத் தானே வெட்டுவது முத்திரைக்கு அதுதான் முதல் தடவை. வெட்டினார். கதவு அழுதுகொண்டே திறந்தது. தார்ப்பாயை இழுத்ததும் கிளம்பிய தூசியில் அவரும் மனைவியும் தங்கையும் மாறி மாறித் தும்மினார்கள். தூசி அடங்கியதும் பார்த்தால், முன்விளக்குக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. டயர் இரண்டும் தரையோடு தரை. சீட்டு கிழிந்து நார் தொங்கியது. ஆனால் டேங்கின் பக்கவாட்டில் பொன்னிறக் கோடு மட்டும் நேற்று வரைந்ததுபோல் இருந்தது.

தங்கை அதன் மேல் விரலை ஓட்டினாள். "எங்க அம்மா வண்டி, அண்ணி!" என்று அண்ணன் மனைவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை என்று பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்த ஆறு வாரம் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. முத்திரை பழைய கையேடு ஒன்றைத் தேடிப் பிடித்து மனப்பாடம் செய்தார். கழற்றும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டப்பி. டப்பிக்கு ஓர் எண். எண்ணுக்குப் பக்கத்தில் பெயர், இடம், எண்ணிக்கை. தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து காலி மாத்திரை டப்பிகளை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினாள். 'திருகாணி, சங்கிலி மூடி, நான்கு.' 'வாஷர், பின் சக்கரம், இரண்டு.' எலிக்கூட்டில் கிடைத்த பட்டனுக்குக் கூட ஒரு டப்பி ஒதுக்கினார். அது எலியினுடையது, திருப்பிக் கொடுங்கள் என்றாள் மனைவி.

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு தண்ணி காட்டியது. டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கிக்கரை அழுத்திப் பார்ப்பார்கள். அசையவில்லை. ஒன்பதாம் நாள் தங்கை ஏறி நின்று அழுத்தியபோது, ஒரு விரற்கடை இறங்கியது.

"அண்ணா! அசைஞ்சுது!"

"எவ்வளவு?"

"ஐயோ, அதையும் அளக்கணுமா? அசைஞ்சுதுண்ணா!"

அவருக்குத் தலைகால் புரியவில்லை. கிரீஸ் அப்பிய கையோடு மனைவியின் கன்னத்தைத் தட்டிவிட்டார். அந்தக் கறுப்புக் கறையோடுதான் அவள் அன்று கடைக்குப் போய்வந்தாள். யாரும் சொல்லவில்லையே என்று வந்து சண்டை பிடித்தாள்.

பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து வாங்கியாயிற்று. பெட்ரோல் டேங்குக்குள் செதில் செதிலாகத் துரு. ஒரு கைப்பிடி நட்டுகளை உள்ளே போட்டு, மண்ணெண்ணெய் விட்டு, அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். "பெத்த பிள்ளையைத் தொட்டில்ல போட்டு இவ்வளவு ஆட்டினதில்லை இந்த மனுஷன்" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

குலுக்கும்போது தங்கை டேங்க் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் சேர்ந்து அது ஒரு கரிக்கட்டி போல் இருந்தது.

"இதுமேல கை வச்சா அம்மாவுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துடும். நான் டேங்க் மேல உக்காந்தா பிடிமானத்துக்கு இதைத்தானே பிடிப்பேன்? படார்னு கையைத் தட்டி விட்டுடுவா. 'நடுவுல கை வைக்காதே, ஓரத்தைப் பிடி'ம்பா."

"ஏன்?"

"யாருக்குத் தெரியும்? பளபளப்பு போயிடும்னு இருக்கும். அம்மாவுக்கு விளக்கம் சொல்ல ஏது நேரம்?"

இன்னொரு கதை. முத்திரை சிரித்துக்கொண்டார். சிரித்தாலும் உள்ளே ஒரு மூலையில் சுருக்கென்றது.

தங்கை வீட்டுக்குப் போன பிறகு அன்று சாயங்காலமே அவர் மூடியைத் தேய்க்க உட்கார்ந்தார். மேல் கறை போனதும் சரியாக நடுவில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. துருப்பிடித்த ஒரு கம்பித் துண்டு, கடுகைவிடக் கொஞ்சம் உயரம். குறட்டில் பிடித்து இழுத்தார். அரை அங்குல நீளத்துக்கு வந்தது. அது வந்த இடத்தில், மூடியின் மேலிருந்து கீழ்வரை, ஊடுருவி, ஓர் ஓட்டை.

அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. பெட்ரோல் டேங்கில் ஓட்டை! இத்தனை வருடம் எவ்வளவு ஆவியாகப் போயிருக்கும்! அம்மா பாவம், கவனிக்கவே இல்லை. கையேட்டைப் புரட்டினார், மூடியின் படத்தில் நடுவில் ஓட்டை எதுவும் இல்லை. போதாதா? ஈயத்தை உருக்கி ஊற்றி, ராவி, தேய்த்து, மெருகேற்றினார். கண்கொத்திப் பாம்பு வந்து பார்த்தாலும் தெரியாது. ஓரத்துக்குப் புது ரப்பர் வளையம் போட்டார். டேங்கில் தண்ணீர் நிரப்பி மூடித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி அரை மணி நேரம் குந்தியிருந்தார். ஒரு சொட்டு இல்லை.

"பார், ஒரு சொட்டு ஒழுகலை" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். வாயெல்லாம் பல்.

கம்பித் துண்டை எறியவில்லை. எறிவது அவர் வழக்கம் அல்ல. எண்பத்தெட்டாம் டப்பியில் போட்டு எழுதினார்: 'கம்பித் துண்டு, இனம் தெரியவில்லை. டேங்க் மூடி. ஒன்று.'

ஆறாவது வாரம் வியாழக்கிழமை வண்டி முழு உருவம் பெற்றது. டேங்கில் பெட்ரோல் ஊற்றி, அலுவலகத்து அளவுக் குச்சி ஒன்றை விட்டு அளந்து குறித்துக்கொண்டார். தங்கை கிக்கரில் ஏறி நின்றாள். முதல் உதை, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஓர் இருமல். மூன்றாவது உதையில் கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்தது. டப் டப் டப் என்று, இருபத்தோரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்த வண்டி பேசத் தொடங்கியது. புகை கொட்டகையை நிறைத்தது. மூன்று பேரும் இருமிக்கொண்டே கூத்தாடினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார். "ஆமா, ஆமா!" என்று தங்கை கத்தினாள்.

முத்திரை மட்டும் ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். விடுமுறையில் படுக்கையில் கிடந்தபடி, தெருமுனையில் தேய்ந்து மறையும்வரை அவர் கேட்ட சத்தம் அது. அது எப்போதும் தள்ளித் தள்ளித்தான் போகும். இன்று பக்கத்திலேயே நின்றது.

அதற்கப்புறம் தினமும் சந்தில் ஓட்டிப் பழகினார். சந்து சின்னது, ஒன்றரை நிமிடத்தில் போய்த் திரும்பிவிடலாம். ஒவ்வொரு தடவை கிளம்பும் முன்பும் மூடியைத் திறந்து குச்சியால் பெட்ரோலை அளப்பார், எழுதுவார், மூடுவார், உதைப்பார். ஒரு தடவை கூட வண்டி நிற்கவில்லை. அந்தத் தெம்பில்தான் ஏழாவது வாரம் சனிக்கிழமை காலை, ஒரு சின்ன லாரியில் வண்டியை ஏற்றி, டப்பிகளையும் தன் அலுவலகக் கருவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, மூன்று பேருமாகச் சோதனைத் தடத்துக்குப் போய் இறங்கினார்கள். கடைசி நாள். மணி பத்து.

ஆய்வாளர் ஓர் அம்மாள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கடிதத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கடைசியில் முத்திரையைப் பார்த்தார்.

"நீங்க எடை ஆபீஸ்தானே? என் தம்பி கடைக்கு வந்திருக்கீங்க. தராசுக்கு மூணு தடவைதான் சோதனை, நாலாவது கிடையாதுன்னு சொன்னீங்களாம்."

"அது விதிங்க."

"நல்ல விதி. இங்கயும் அதேதான். மூணு வாய்ப்பு. ஒவ்வொண்ணுலயும் மூணு சுத்து. நடுவுல நின்னா அந்த வாய்ப்பு போச்சு."

முத்திரை தலையாட்டினார். குச்சியை விட்டு அளந்தார், மூடினார், உதைத்தார். ஒரே உதை. தடத்தில் இறங்கினார்.

தடம் அகலமாக, வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. சந்தில் ஓட்டியதெல்லாம் ஓட்டமா? காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்பவைத்தது. முதல் சுற்று முடிந்து தங்கையும் மனைவியும் நிற்கும் இடத்தைத் தாண்டும்போது இருவரும் கைகளை உயர்த்திக் கத்துவது தெரிந்தது. அவரும் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது. இரண்டாவது சுற்றில் தூரத்து வளைவு வந்தது. வண்டி ஒரு தடவை விக்கியது. இன்னொரு தடவை விக்கியது. நின்றுவிட்டது.

தள்ளிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்து குச்சியை விட்டார். பெட்ரோல் தாராளமாக இருந்தது. திருகி மூடிவிட்டு உதைத்தால் உடனே கிளம்பியது! ஏதோ தூசி அடைத்திருக்கும், போய்விட்டது என்று தங்கை தைரியம் சொன்னாள். இரண்டாவது வாய்ப்பு. முதல் சுற்று ஜோராகப் போயிற்று. இரண்டாவது சுற்று, அதே வளைவு, அதே விக்கல், அதே சாவு.

இந்தத் தடவையும் தள்ளிக்கொண்டு வந்தார். ஆய்வாளர் அம்மாள் தாளில் இரண்டாவது கோடு போட்டார். "இன்னும் ஒண்ணு. அவசரமில்லை, பன்னிரண்டு வரைக்கும் இருப்பேன்" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

முத்திரை மூடியைத் திறக்கப் போனார். தங்கை அவர் கையைப் பிடித்தாள்.

"இரு. திறக்காதே. அப்படியே உதை."

உதைத்தார். ஒன்றுமில்லை. பத்து தடவை உதைத்தார். செத்த வண்டி செத்த வண்டியாகவே நின்றது.

"இப்ப நான் திறக்கறேன். ரெண்டு பேரும் பேசாம கேளுங்க."

மூடியைத் திருகினாள். உஸ் என்று ஒரு சத்தம். வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது மூவருக்கும் கேட்டது.

"கேட்டுதா? காத்துக்கு ஏங்கிக் கிடந்திருக்கு. நீ ஒவ்வொரு தடவையும் திறந்து அளந்தியே, அதனாலதான் கிளம்பியிருக்கு. அளக்கலேன்னா வீட்டுலயே நின்னிருக்கும்."

"காத்து எதுக்கு உள்ள போகணும்? பெட்ரோல்தானே கீழ இறங்கணும்?"

"இறங்கின இடத்துக்கு ஏதாவது வரணுமாண்ணா, வேண்டாமா? நான் வேலைக்குச் சேர்ந்தப்ப குளூக்கோஸ் எல்லாம் கண்ணாடி பாட்டில்லதான் வரும். குழாயை மட்டும் சொருகினா நாலு சொட்டு இறங்கிட்டு நின்னுடும். இன்னொரு ஊசியைக் குத்திக் காத்துக்கு வழி விட்டாத்தான் இறங்கும். காத்து ஊசின்னே பேர். முதல் நாளே சொல்லிக் கொடுத்துடுவாங்க."

மனைவி இடையில் புகுந்தாள். "அப்ப மூடியைக் கழட்டிட்டே ஓட்டட்டுமே?"

"திறந்த டேங்கோட தடத்துல இறங்கினா அந்த நிமிஷமே நம்பரை அடிச்சிடுவேன்" என்றது நாற்காலி.

தங்கை மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எல்லா மூடியிலயும் காத்துக்கு ஏதாவது வழி இருக்கும். இதுல எங்கயோ அடைஞ்சிருக்கு. அம்மா எப்படி ஓட்டினா இதை? அண்ணா, இதுல ஓட்டை கீட்டை எதுவும் இல்லையா?"

முத்திரை மூடியையே பார்த்தார்.

"இருந்தது."

"எங்க?"

"நடுவுல. நான்தான் அடைச்சேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆய்வாளர் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். இருபத்தேழு வருடம் ஊரில் உள்ள ஓட்டையை எல்லாம் அடைத்த மனிதர், சொந்தத் தாயின் வண்டியில் அடைக்கக் கூடாத ஓட்டையை அடைத்துவிட்டு, வெயிலில் கூனிக் குறுகி நின்றார். அதுவும் எவ்வளவு அழகாக அடைத்திருந்தார்!

"வெறும் ஓட்டை இல்லை. ஒரு கம்பித் துண்டு சொருகியிருந்தது. பிடுங்கிட்டேன்."

"அதை எங்க போட்டே?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவரிடம் எப்போதும் பதில் உண்டு. "எண்பத்தெட்டு."

தங்கை டப்பிக் கூடையைக் கவிழ்த்துத் தேடி எடுத்தாள். மேலே எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தாள். திறந்து, உள்ளங்கையில் கொட்டி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நகத்தால் துருவைச் சுரண்டினாள். ஒரு முனை சாய்வாகச் சீவியிருந்தது.

"கம்பி இல்லண்ணா இது. ஊசி. அந்தக் காலத்து தடிமன் ஊசி. கொதிக்கவச்சு கொதிக்கவச்சு திரும்பப் போடுவாங்களே, அது. அம்மா பையில இருந்தது. வண்டிக்குக் காத்து ஊசி போட்டிருக்கா அம்மா!"

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். "நடுவுல கை வைக்காதேன்னு அதுக்குத்தான் அடிச்சிருக்கா. என் கை பட்டா அடைஞ்சுக்கும்!"

முத்திரைக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூடியின் பழைய காற்றுத் துளை அடைந்துபோய் எங்கோ ஒரு வழியில் வண்டி நின்றிருக்க வேண்டும். ஏதோ ஒரு வீட்டில் ஒருத்தி வலியில் துடித்துக்கொண்டிருந்திருப்பாள். அம்மா இறங்கி, மூடியைத் திறந்து மூடிப் பார்த்து, கண்டுபிடித்து, பிறகு ஒருநாள் ஓட்டை போட்டுத் தன் பையிலிருந்து ஊசியைச் சொருகியிருக்கிறாள். வெறும் ஓட்டை என்றால் பெட்ரோல் தளும்பி மேலே தெறிக்கும், டேங்க் மேல் பெண் குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை.

அவர் கருவிப் பெட்டியைத் திறந்தார். எடைக்கல்லில் வருடம் பொறிக்கும் கூர் உளியை எடுத்தார். முத்திரை கோக்கும் கம்பியில் ஓர் இழையைப் பிரித்துத் தங்கையிடம் நீட்டினார். அவள் அந்த இழையை ஊசிக்குள் விட்டுக் குடைந்து துருவைத் தள்ளினாள். வாயில் வைத்து ஊதினாள். காற்று மறுபக்கம் வந்தது. அவர் மூடியைக் கல்லின் மேல் வைத்தார், மெருகேற்றிய நடுப்புள்ளியில் உளியை நிறுத்தினார். கை ஒரு கணம் தயங்கியது. வாழ்க்கையில் ஓர் ஓட்டையைக் கூட அவர் போட்டதில்லை.

"போடுங்க, ஒண்ணும் ஆகாது. கேஸ் எழுத மாட்டேன்" என்றார் ஆய்வாளர் அம்மாள். எப்போது எழுந்து வந்து பக்கத்தில் நின்றாரோ தெரியவில்லை.

சுத்தியலை இறக்கினார். ஈயம் நெகிழ்ந்து வழி விட்டது. தங்கை ஊசியை நீட்டினாள். அவர் வாங்காமல், "நீயே வை" என்றார்.

"மாட்டேன். நீ எடுத்தே, நீ வை." அவள் அதை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "அண்ணா, அம்மாவோட எல்லாக் கதையும் எனக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இது எனக்குத் தெரியாது. பக்கத்திலேயே உக்காந்திருந்தும் தெரியலை. இது உனக்குன்னு வச்சிருந்திருக்கா."

அவர் விரல்களைத் திறந்தார். ஊசியைச் சொருகினார், இறுக்கமாக உட்கார்ந்தது. மூடியைத் திருகினார். பழக்க தோஷம், குச்சிக்குக் கை போயிற்று. திரும்பி வந்துவிட்டது. அளக்கவில்லை.

"ஏறு பின்னால" என்றார்.

"ஆள் ஏத்தலாமா மேடம்?" என்று தங்கை கேட்டாள்.

"கடிதத்துல ஆள் ஏத்தக் கூடாதுன்னு இல்லை."

உதைத்தார். வண்டி பிடித்துக்கொண்டது. தங்கை தாவி ஏறி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முதல் சுற்றில் இருவரும் மூச்சுவிடவில்லை. இரண்டாவது சுற்றில் வளைவு வந்தது. அவர் கண்கள் மூடியின் நடுவில் கடுகளவு துருத்திக்கொண்டிருந்த அந்த முனையையே ஒரு நொடி பார்த்தன. விக்கல் வரவில்லை. வளைவு பின்னால் போயிற்று! தங்கை அவர் காதுக்குள் அலறினாள். அவர் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினார். கன்னத்தில் வழிந்ததைக் காற்றே துடைத்துக்கொண்டு போயிற்று. படுக்கையில் கிடந்து கேட்ட சத்தத்துக்குள் அவர் இப்போது உட்கார்ந்திருந்தார். அம்மா தள்ளிப் போகவில்லை. கூடவே வந்துகொண்டிருந்தாள்.

மூன்றாவது சுற்று முடிந்தது. ஆய்வாளர் அம்மாள் தாளில் முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டு, கையை உயர்த்திக் காட்டினார்.

"மூணு முடிஞ்சுது! நிறுத்துங்க!"

வண்டி அவரைத் தாண்டிப் போயிற்று.

"என்னம்மா உங்க வீட்டுக்காரர், மூணுதானே கணக்கு?"

"விடுங்க மேடம்" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அந்த மனுஷன் அளவுக்கு மேல போறது இதுதான் முதல் தடவை."

நாலாவது சுற்றிலும் அந்த வளைவு வந்தது. வண்டி நிற்கவில்லை.